உலகம்மாளின் வண்டியைத் தள்ளியவர்கள்

பாலத்தடித் தெரு உலகம்மாளின் பழைய கார் ஓர் ஆடி மாசத்துக் காலையில் செல்ப் எடுக்காமல் மக்கர் பண்ணி நின்றபோது, எதிர்த்த டீக்கடைச் சிவனணைந்தான் கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு வந்து பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ள, எஞ்சின் பிடித்து வண்டி குலுங்கிய அந்தக் கணத்தில், பதினோரு மாசமாக அவர் நெஞ்சில் கிடந்த பெண்டாட்டி செத்த துக்கம் தோளுக்கு இறங்கி, தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கி, முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு இறங்கி, மூடின டிக்கிக்குள்ளே போய் விழுந்துவிட்டது. அரிசி மூட்டையை இறக்கிப் போட்ட மாதிரி சத்தம்கூடக் கேட்டது. அவர் ஒன்றும் அதிசயப்படவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினார்; பதினோரு மாசமாக ஒருத்தருக்குச் சீனியே இல்லாமலும் இன்னொருத்தருக்கு ரெண்டு தடவையும் போட்டுக்கொண்டிருந்த மனுஷர் அன்றைக்கு எல்லோருக்கும் அளவாகப் போட்டார். தெருவுக்கு விஷயம் அப்படித்தான் தெரிந்தது.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அதற்குக் கோபம் வரும். வயசு பதினேழு. ஒரு காலத்தில் வெள்ளை, இப்போது புளித்த தயிர் நிறம். ஆர்.சி. புத்தகத்தில் உலகம்மாள் மூன்றாவது ஆள். முதல் ஆள் ஒரு டாக்டர் என்றும், அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் வண்டியை எடுப்பார் என்றும் விற்ற புரோக்கர் சத்தியம் பண்ணினான். பழைய கார் விற்கிற எந்த புரோக்கர்தான் டாக்டரை விட்டு வேறு ஆளைச் சொல்லியிருக்கிறான், சொல்லுங்கள். வாங்கின வருஷம் ரேடியேட்டர் ஒழுகியது. அடுத்த வருஷம் ஃபேன் பெல்ட் அறுந்தது. அதற்கும் அடுத்த வருஷம் கதவுக் கண்ணாடி ஏறினால் இறங்காது, இறங்கினால் ஏறாது. மழை பெய்தால் காலடியில் தண்ணீர் கட்டும். வீல் பேரிங் ஊளையிடும். ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடும். மெக்கானிக் செய்யது மீரான் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே சொல்வான், "யக்கா, இது வண்டி இல்ல, சம்பந்தி வீடு. வருசத்துக்கு ஒரு சீரு கேக்காம இருக்காது."

அப்பேர்ப்பட்ட வண்டியை உலகம்மாள் ஏன் வாங்கினாள் என்றால், மகனைத் தேடுவதற்கு. பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. புருஷன் சின்ன வயசிலேயே போய்விட்டார். மகன் ஒருத்தன். பன்னிரண்டாம் வகுப்பில் ரெண்டாம் தடவையும் அவன் பெயிலாகி வந்த மத்தியானம், அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது இவள் ஒரு வார்த்தை சொன்னாள்: "உனக்குப் போட்ட சோத்துக்கு ஒரு கன்னுக்குட்டிய வளத்திருந்தா இந்நேரம் பால் கறந்திருக்கும்." அவன் தின்ற தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். போனவன் போனவன்தான். ஏழு வருஷமாகிவிட்டது. ரெண்டு வருஷம் பஸ்ஸில் தேடினாள், அப்புறம் இந்த வண்டியை வாங்கினாள். ஞாயிறுதோறும் ஓர் ஊர் என்று கணக்கு வைத்துக்கொண்டு, சங்கரன்கோவில், புளியங்குடி, கோவில்பட்டி, சாத்தூர் என்று பேக்கரி, லேத் பட்டறை, லாரி செட்டெல்லாம் ஏறி இறங்கிப் போட்டோவைக் காட்டுவாள். சாயங்காலம் திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு அவள் காலையில் போட்டது போட்டபடியே இருக்கும். ஒரு டம்ளர்கூட இடம் மாறியிருக்காது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சிவனணைந்தானுக்கு அடுத்தபடி தள்ளினவர் ரிட்டையர்டு கண்டக்டர் நல்லசிவம். கூடப்பிறந்த அண்ணனோடு ஒரு வேலித் தகராறில் பேச்சை நிறுத்தி, அண்ணன் பேசாமலே செத்துப்போய், அந்தப் பேசாத பேச்சை ஒன்பது வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்தவர். அவர்தான் தள்ளுகிற முறையையே ஏற்படுத்திக் கொடுத்தார். உலகம்மாள் உள்ளே உட்கார்ந்து ரெண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்துக்கொள்ளவேண்டும்; பின்னால் நாலு பேர் தள்ளவேண்டும்; வண்டி வேகம் பிடித்ததும் பாரத்தை இறக்குகிற ஆள் டிக்கியில் ரெண்டு தட்டுத் தட்டவேண்டும்; தட்டினதும் இவள் கிளட்சை எடுக்கவேண்டும். எஞ்சின் பிடிக்கிற அந்தக் குலுக்கலில்தான் துக்கம் கையை விட்டுப் போகும். அவர் அப்படி வகுத்ததிலிருந்து, தட்டாமல் எடுத்தால் வண்டி கிளம்பும், ஆனால் துக்கம் இறங்காது. கண்டக்டர் புத்தி பாருங்கள், ஆள் இறங்கவும் ஒரு சிக்னல் வேண்டியிருந்தது அவருக்கு.

அப்புறம் தெரு சும்மா இருக்குமா? காலை ஏழே முக்காலுக்கு உலகம்மாள் வீட்டு வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. பிள்ளை கலைந்தவள் வந்தாள், வெளிநாட்டில் ஏமாந்தவன் வந்தான், நிச்சயம் பண்ணி நின்றுபோன பெண் அம்மாவோடு வந்தாள். மீரானும் வாப்பா நினைவை ஒரு நாள் தள்ளிவிட்டுப் போனான். துஷ்டி வீட்டில் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் குடும்பத்தோடு வந்து வண்டியைத் தள்ளிவிட்டுத்தான் இலை போடுவது என்று வழக்கமாயிற்று. மூன்றாம் நாளே வந்து தள்ளினவர்களைப் பார்த்து ஊர் பழித்தது, "என்ன அவசரம், பால் ஊத்தின ஈரம்கூடக் காயலையே" என்று. பெண் பார்க்க வருகிறவர்கள் "பொண்ணு வண்டி தள்ளிட்டாளா?" என்று விசாரித்தார்கள். கோயில் பூசாரி பானெட்டில் சந்தனம் வைத்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத் இது கூடும் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மேலத்தெருக்காரர்கள் வந்து தள்ளலாமா என்பதில் மட்டும் ஒரு சண்டை வந்து, செவ்வாயும் வெள்ளியும் அவர்களுக்கு என்று பேசி முடித்தார்கள்.

உலகம்மாளுக்கு அது நல்ல காலம். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாசலில் செருப்புகள் கிடந்தன. வந்தவர்கள் தள்ளுவதற்கு முன்னால் கொஞ்சம் உட்கார்ந்து, எதை இறக்கப் போகிறார்களோ அதைச் சொல்லி அழுதார்கள். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். மீரான் புதுச் செல்ப் ஒன்று கொண்டு வந்து, "மாட்டிருதேன்க்கா, அரை மணி நேர வேலை" என்றபோது, "இருக்கட்டும் மீரான், அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்" என்றாள். அடுத்த மாசமும் அதையேதான் சொன்னாள். செல்பை மாட்டிவிட்டால் அப்புறம் எவன் வருவான் அவள் வீட்டுக்கு? அவள் வெட்கத்தை விட்டு யாரிடமும் சொல்லாத காரணம் அதுதான்.

தள்ளாதவள் தெருவிலே ஒருத்திதான். பக்கத்துச் சுவர் எஸ்தர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாடகைக்கு வந்து ஜாக்கெட் தைத்துக்கொடுத்துக் காலம் தள்ளுகிறவள். அவளுடைய எட்டு வயசு மகள் ஜாஸ்மின் காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டாள். உலகம்மாள்தான் நல்லது நினைத்துக் கூப்பிட்டாள், "வந்து ஒரு கை வச்சிரேன் எஸ்தரு, ராத்திரி தூக்கமாவது வரும்." எஸ்தர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"எம்பிள்ளைய ஒரு தடவை புதைச்சாச்சு. உங்க டிக்கியில இன்னொரு தடவை புதைக்கச் சொல்லுதீங்களா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"அப்படித்தான் சொன்னீங்க. அவ எனக்குப் பாரம்னு யாரு சொன்னா உங்ககிட்ட?"

அன்றோடு ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

இதற்கிடையில் வண்டி கனத்துக்கொண்டே வந்தது. முதலில் பின் டயர் ரெண்டும் தேய்ந்தன. பிறகு ஸ்பிரிங் உட்கார்ந்தது, மீரான் புதுசு மாட்டினான், அதுவும் உட்கார்ந்தது. ஷாக் உடைந்தது. வேகத்தடையில் சைலன்சர் உரசிக் கழன்று விழுந்தது. பதினாறு கிலோமீட்டர் கொடுத்த லிட்டர் ஒன்பது கொடுத்து, ஆறு கொடுத்து, கடைசியில் நாலுக்கு வந்தபோது மீரான் சந்தேகப்பட்டு, உலகம்மாளையே ஓட்டச் சொல்லி, நெல் லாரிகளை நிறுக்கிற எடைமேடையில் ஏற்றிப் பார்த்தான். உள்ளே ஒரு துணிப்பை தவிர ஒன்றும் இல்லாத வண்டி மூணே முக்கால் டன் காட்டியது. எடைமேடைக்காரர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஓவர்லோடும்மா, தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அவ்வளவு கனத்தோடு அது சுகாதார நிலையத்துக்கு மூச்சிரைத்துப் போய் வரும், அதற்கு மேல் போகாது. புளியங்குடி ஏற்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் கியரிலும் ஏறாமல் பின்னோக்கி உருண்டதோடு உலகம்மாள் மகனைத் தேடப் போவது நின்றது. தெருவின் துக்கமெல்லாம் அவள் வண்டியில் ஏறினதால் அவள் துக்கத்துக்குப் போக வழியில்லாமல் ஆயிற்று. இதை யாரும் கவனிக்கவில்லை. தள்ளுகிறவர்கள் அவளுடைய பின்னந்தலையைத்தானே பார்த்தார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிறவளுக்கும் ஏதாவது இருக்குமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கும் கேட்கக் கூச்சம். ஊருக்கெல்லாம் இறங்கட்டும், நமக்குக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

ரெண்டு வருஷத்தில் பாலத்தடித் தெருவில் துக்கம் தீர்ந்துபோயிற்று. மேலத்தெருவிலும் தீர்ந்தது. ஏழே முக்காலுக்கு வாசலில் ஆள் குறைந்து, நாலு ரெண்டாகி, ரெண்டு ஒன்றாகி, ஒரு திங்கட்கிழமை ஒருத்தருமே இல்லை. துக்கம் இறங்கினவர்கள் லேசாகிவிட்டார்கள். நடந்தால் தெருப்புழுதியில் கால் பதியவில்லை, காற்றடிக்கிற நாளில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள், எப்போதும் சிரித்த முகம்தான். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. உலகம்மாள் கூப்பிட்டால் வந்து தள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் உட்காரவில்லை, காபி வேண்டாம் என்றார்கள், சொல்வதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் டீக்கடையில் சிவனணைந்தானின் பெண்டாட்டி படம் இருந்த இடத்தில் காலண்டர் தொங்கியது.

"அண்ணே, மதினி படம் எங்க?"

"எந்தப் படம்? ஓ, அதுவா. ஆணி ஒண்ணுதான் இருந்துச்சு தாயி. உள்ள எங்கயாவது கிடக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் சீனியை அளவாகப் போட்டு டீயை நீட்டினார். உலகம்மாளுக்கு அந்த டீ இறங்கவில்லை. ஆனாலும் பொறாமையாகவும் இருந்தது. இந்த மனுஷன் ராத்திரி படுத்தால் தூங்குகிறாரே, நமக்கு ஒரு கன்றுக்குட்டி விடிய விடியக் கத்துகிறதே என்று நினைத்தாள். வாசலில் ஆளும் இல்லை, தேடப் போக வண்டியும் இல்லை, அந்த வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பது? அன்றைக்குத்தான் தன்னுடையதையும் இறக்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஆனால் அவள் பின்னால் நின்று தள்ளவேண்டுமானால் உள்ளே யாராவது உட்காரவேண்டும். மீரானைக் கூப்பிட்டாள். அவன் உட்கார்ந்து மிதித்தான், கிளட்ச் இறங்கவில்லை. ரெண்டு காலையும் வைத்து எம்பி மிதித்தான், இறங்கவில்லை. நல்லசிவம் மிதித்துப் பார்த்தார், சிவனணைந்தான் மிதித்துப் பார்த்தார், வரிசையாகத் தெருவே மிதித்துப் பார்த்தது. லேசான மனுஷர் காலுக்கு அந்தக் கனத்த வண்டியின் கிளட்ச் அசைந்து கொடுக்கவில்லை. "பாரம் உள்ள காலு வேணும்க்கா" என்றான் மீரான் சிரித்துக்கொண்டே. அவன் இப்போதெல்லாம் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். பாரம் உள்ள கால் அந்தத் தெருவில் இன்னும் யாருக்கு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை உலகம்மாள் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். மிஷின் நின்றது.

"எஸ்தரு, நான் உன்னத் தள்ளக் கூப்பிடல. சும்மா உள்ள உக்காந்து காலை மட்டும் வச்சுக்கிட்டாப் போதும். எனக்காக."

எஸ்தர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கும் உண்டுமா?" என்று கேட்டாள். எஸ்தர் வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

கார் ஸ்டியரிங்கை அவள் தொட்டதே இல்லை. "நேரா பிடிச்சுக்க, ரோடு அதுவா பள்ளத்துல போகும். இடது காலைக் கடைசி வரைக்கும் மிதி. ரெண்டு தட்டு கேட்டதும் காலை எடுத்திரு. வண்டி குலுங்கும், பயப்படாத. அப்புறம் வலது காலால நடுவுல இருக்கறத மிதிச்சா நின்னுரும்" என்று உலகம்மாள் சொல்லிக்கொடுத்தாள். எஸ்தர் மிதித்தாள். கிளட்ச் வெண்ணெயாக இறங்கியது.

உலகம்மாள் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வண்டியின் பின்னால் வந்து நின்றாள். நடுவில் அவள், ரெண்டு பக்கமும் தெருவே நின்றது. லேசான மனுஷர்கள் முப்பது பேர் சேர்ந்தால்தான் மூன்று பேர் பலம். சிரித்துக்கொண்டும் ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணிக்கொண்டும் தள்ளினார்கள். வண்டி முனகியது, ஒரு முழம் நகர்ந்தது, பிறகு பள்ளம் பார்த்து உருண்டது. டீக்கடை போயிற்று, அடிபம்பு போயிற்று, ரேஷன் கடை போயிற்று. உலகம்மாளுக்கு நெஞ்சுக்குள்ளே என்னவோ இடம் பெயர்ந்தது. கன்றுக்குட்டி வார்த்தை தோளுக்கு இறங்கியது. ஒன்பது வருஷமாக இறுகிக் கிடந்த இடம் காலியாகக் காலியாக, அம்மாடி, என்ன சுகமாக இருந்தது. முழங்கைக்கு இறங்கியது. அப்போதுதான் அந்த வார்த்தை தனியாக வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதோடு கூடவே சோற்றைப் பிசைகிற அவனுடைய விரல்களும் வந்தன, தலை துவட்டாமல் முதுகில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பள்ளிக்கூடம் போகிற முதுகும் வந்தது, தூக்கத்தில் அவன் பல் கடிக்கிற சத்தமும் வந்தது. எல்லாம் வரிசையாக இறங்கி உள்ளங்கையில் வந்து, டிக்கித் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்றன.

"வேகம் பிடிச்சிட்டு, தட்டும்மா, தட்டு" என்றார் நல்லசிவம்.

அவள் கை எழவில்லை.

"தட்டுங்கக்கா, ரோடு முடியப்போகுது" என்று மீரான் சிரித்தான். தெருவே சிரித்துக்கொண்டு "தட்டு, தட்டு" என்றது. நல்லசிவம் தன் கையை ஓங்கினார், ஆயிரம் தடவை பஸ்ஸைத் தட்டின கை. உலகம்மாள் ஒரு கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்தவள் விடவே இல்லை. உள்ளே எஸ்தர் கிளட்சை மிதித்தபடி தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடியில் உலகம்மாளின் முகத்தை இதுவரை ஒருத்தரும் பார்த்தது கிடையாது. எஸ்தர் காலை எடுக்கவில்லை.

வண்டி மெயின் ரோட்டை எட்டி, மைல்கல்லில் முட்டி, தானாகவே நின்றது. "சரி, இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்" என்று சொல்லிக்கொண்டு லேசானவர்கள் வந்த வழியே கலைந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் ரோட்டில் ஒருத்தரும் இல்லை. உலகம்மாள் டிக்கியின் மேல் தலையைச் சாய்த்து, உள்ளங்கையில் நின்றதெல்லாம் மறுபடியும் முழங்கை ஏறி, தோள் ஏறி, நெஞ்சில் போய் உட்காருகிறவரைக்கும் அழுதாள். பழைய கனம், ஒரு குண்டுமணிகூடக் குறையவில்லை.

எஸ்தர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"மகனா, மகளா?"

"மகன்."

"இருக்கானா?"

"தெரியல. தேடிக்கிட்டுத்தான் இருந்தேன். வண்டி போகமாட்டேங்கு."

"பேரு என்ன?"

உலகம்மாள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். அந்தப் பேரைப் போட்டோவைக் காட்டிக் கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். ஒருத்தர் பக்கத்தில் நின்று கேட்டு அவள் சொன்னதில்லை. "இசக்கிராஜ்" என்றாள்.

"இசக்கிராஜ்" என்று எஸ்தர் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "எந்த ஊருல இன்னும் பாக்கலை?" என்று கேட்டாள்.

"ராஜபாளையம்."

வண்டியை மைல்கல்லுக்குப் பக்கத்திலேயே விட்டார்கள். பூட்டவில்லை, அதை யார் எடுத்துக்கொண்டு போக முடியும்? ராஜபாளையத்துப் பஸ் வந்தது. முன்வாசலில் உலகம்மாள் ஏறினாள், பின்னாலேயே எஸ்தர் ஏறினாள், ஏறினதும் பஸ் அந்தப் பக்கமாக ஒரு சாய்வு சாய்ந்து நின்றது. கண்டக்டர், "ஆளுக்கொரு பக்கமா உக்காருங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அவர்கள் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்கள்.